பகேயாவின் பின்னால் பதினொரு பேர்

எங்கள் நபிகோலி கிராமத்தில் எதிர்க்கட்சி என்றால் அது ஒரே ஒரு ஆள். பெயர் எரிசா பகேயா. சைக்கிள் பழுது பார்ப்பவர். பள்ளிக்கூடத்துக்கு எதிரே பலாமரத்தடியில் கடை. கடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு மரப்பெட்டி, ஒரு காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தகரத் தொட்டித் தண்ணீர், உட்கார ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வாத்தியார். என் சைக்கிளுக்கும் ஏறக்குறைய அதே வயது. அதனால் பகேயாவின் அரசியலை என்னைவிட அதிகமாகக் கேட்டவன் இந்த வட்டாரத்தில் கிடையாது.

கரும்பில்தான் ஆரம்பிப்பார். வீட்டுச் சுவர் வரைக்கும் கரும்பை நட்டுவிட்டு, வள்ளிக்கிழங்கைச் சந்தையில் வாங்கித் தின்கிற விவசாயி உலகத்திலேயே நம் புசோகா வட்டாரத்தில்தான் இருக்கிறான் என்பார். ஒவ்வொரு நிலத்திலும் கால் பங்காவது சாப்பாட்டுப் பயிர் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட வேண்டும், போடாது, ஏனென்றால் சட்டம் போடுகிறவர்களின் கரும்புதான் முதல் லாரியில் போகிறது என்பார். அடுத்தது சுகாதார நிலையம். அதற்கு மூன்று முறை சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். காய்ச்சல் மாத்திரை ஒரு முறையாவது ஒரு மாதம் முழுக்க இருந்ததா என்று கேட்பார். அடுத்தது நான். ஆறாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள். தலை எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்கு வருகிற மானியமும் குறையும் என்பதால் நான் எல்லோரும் வந்ததாகவே பதிவேட்டில் குறித்து வைப்பேன். அது அவருக்குத் தெரியும்.

"எல்லாரும் வந்தாங்கன்னு எழுதுறீங்களே வாத்தியாரே, உங்க பேனாவும்தான் கரும்பு வெட்டுது" என்று ஒரு நாள் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். பிறகு வேறு வழியில்லாமல் அவரிடமே திரும்பிப் போனேன்.

இதையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். "சரியாச் சொன்னே" என்பார்கள். கிராமக் கூட்டத்தில் அவர் எழுந்து இதையே சொன்னால் அதே ஆட்கள் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காரணம், கூட்டத்தில் எதிரே முவோந்தா உட்கார்ந்திருப்பார்.

முவோந்தா எங்கள் கிராமத் தலைவர். ஆளும் கட்சி. பதினேழு வருடமாக எங்கள் பக்கம் கிராமத் தேர்தலே நடக்கவில்லை என்பதால் அவரும் பதினேழு வருடமாக நாற்காலியிலிருந்து எழவில்லை. கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எளிதாகப் போய்விடும். அப்படிச் சொல்ல முடியாது. சாவு வீட்டுக்கு முதலில் வருவார், குழி வெட்ட ஆள் அனுப்புவார். ஆனால் கரும்பை எப்போது வெட்டி ஆலைக்கு அனுப்பலாம் என்ற சீட்டு அவர் கை வழியாகத்தான் வரும். சீட்டு இரண்டு மாதம் தள்ளிப் போனால் கரும்பு வயலிலேயே காய்ந்து சக்கையாகும். அதோடு சீல். நிலம் விற்க, ஜாமீன் எடுக்க, அடையாள அட்டை வாங்க, பிள்ளையைப் பெரிய படிப்புக்கு அனுப்ப, எதற்கும் கிராமத் தலைவரின் கடிதம் வேண்டும், கடிதத்தில் அவருடைய உருண்டைச் சீல் வேண்டும். அந்தச் சீலை ஒரு தோல்பையில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் எங்கும் போவார்.

அந்த வருடம் தேர்தல் என்று அறிவித்தார்கள். வாக்குச்சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது. வேட்பாளர் மைதானத்தில் நிற்பார், வேண்டியவர்கள் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும், தலைகளை எண்ண வேண்டும். எதிர்க்கட்சியின் தலைநகரத்துப் பெரியவர்கள் இதை எதிர்த்தார்கள். பகேயா எதிர்க்கவில்லை. கட்சி மேலிடத்தோடு சண்டை போட்டு வரிசைமுறைக்கு ஆதரவாகப் பேசிய ஒரே எதிர்க்கட்சிக்காரர் இவராகத்தான் இருக்கும். பெட்டி வைத்த பொதுத் தேர்தல்களில் இரண்டு முறை கட்சியின் பூத் ஆளாக உட்கார்ந்து, ஏமாந்து வந்தவர்.

"பெட்டியைத் தூக்கிட்டுப் போகலாம் வாத்தியாரே. முந்நூறு மனுசனைத் தூக்கிட்டுப் போக முடியுமா? வரிசையைத் திருட முடியாது" என்றார். பெஞ்சில் இருந்த எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். பதினேழு வருடமாக யாரும் திருடாமலே நாங்கள் எப்படி நடந்துகொண்டோம் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வேட்புமனுவில் நாற்பது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். மனு அதிகாரியிடம் உறைக்குள் போகும், முவோந்தா பார்க்கமாட்டார் என்ற தைரியம். பகேயா ஒவ்வொரு கையெழுத்தையும் எனக்குக் காட்டினார். இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. என் சைக்கிளின் பழைய செயினுக்கு எண்ணெய் போட்டுச் சும்மா மாட்டிக் கொடுத்தார்.

அதே மாதத்தில்தான் அவர் மகள் ஐரீனுக்கு ஜிஞ்சா நகரத்தில் நர்ஸ் படிப்புக்கு அரசாங்க இடம் கிடைத்தது. நபிகோலியிலிருந்து இந்தப் படிப்புக்குப் போகிற முதல் பெண். நான் பாடம் சொல்லிக் கொடுத்தவள். வந்ததாக நான் பதிவேட்டில் குறித்த நாளிலெல்லாம் உண்மையாகவே வந்தவள். இந்த ஊர்க்காரி என்று கிராமத் தலைவர் கொடுக்கும் கடிதத்தோடு போனால் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று வருடப் படிப்பு, வருடா வருடம் கடிதத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

பகேயாவின் மனைவி நம்வாசே கடிதத்துக்குப் போனாள். எங்கள் வழக்கப்படி மண்டியிட்டு வணக்கம் சொல்லி, விஷயத்தைச் சொன்னாள். முவோந்தா நாற்காலி போடச் சொன்னார், மகளைப் புகழ்ந்தார், கடிதத்தையே தன் கையால் எழுதி அவளிடம் படித்தும் காட்டினார். சீல் மட்டும் வைக்கவில்லை. கடிதத்தைத் தோல்பைக்குள் போட்டுக்கொண்டு, தேர்தல் முடியட்டும் என்றார்.

"ஐரீன் நம்ம ஊர்ப் பொண்ணு. ஆனா இந்த ஊர்ல நடக்குறதுல உங்க வீட்டுக்கும் பங்கு இருக்குன்னு நான் பார்க்கணும்ல. உன் புருசன் என் எதிர்ல நிக்கட்டும், அது அவன் பாடு. உங்க வீட்டுலேருந்து ஒருத்தராவது என் பின்னால நின்னா, கடிதம் தானா வீடு தேடி வரும்."

இதை நம்வாசே பலாமரத்தடிக்கு வந்து, புருசனிடம் அப்படியே சொன்னாள். நான் மட்டும்தான் அப்போது பெஞ்சில் இருந்தேன். பின் டயர் பஞ்சர். அவர் தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். குமிழி வந்துகொண்டே இருந்தது, அவர் பார்க்கவில்லை.

வேட்புமனுவைத் திரும்ப வாங்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். முடியாது, நாள் முடிந்துவிட்டது என்றேன். அது உண்மைதான். வாங்கியிருந்தாலும் என்ன? நாற்பது கையெழுத்துக்காரர்கள் அவரை விலைபோனவன் என்பார்கள். வாங்காவிட்டால் மகள் கரும்பு வயலுக்குப் போவாள். அவர் டியூபைக் கீழே போட்டார். ஐரீன் நிற்க முடியாது, அவளுக்குப் பதினெட்டு ஆக நான்கு மாதம் இருக்கிறது. அவர் வீட்டில் இருப்பது மூன்றே பேர். ஒருவர் வேட்பாளர்.

"நீ அங்க போய் நில்லு" என்றார் நம்வாசேயிடம்.

"நானா? ஊரே பார்க்கும் ஐரீன் அப்பா."

"பார்க்கட்டும். பார்க்கத்தானே வரிசை."

அவள் அழவில்லை. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டாள். உனக்கே தோன்றியது என்று சொல், நான் சொன்னேன் என்று தெரிந்தால் முவோந்தா இது நாடகம் என்பான், சீல் விழாது என்றார் பகேயா. பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் மூன்று பேர். இன்று வரைக்கும் மூன்று பேர்தான்.

தேர்தலன்று வரிசைகளை எண்ணும் அதிகாரியாக என்னைப் போட்டிருந்தார்கள். எண்ணுகிறவன் எந்த வரிசையிலும் நிற்கக் கூடாது. அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன், வெட்கமில்லாமல். பள்ளி மைதானத்தில் கோல்கம்பத்தின் இரண்டு கால்களிலும் இரண்டு வேட்பாளர்களை நிறுத்தினோம். வேட்பாளர் திரும்பிப் பார்க்கக் கூடாது. முறைத்தே ஆட்களை இழுத்துவிடுவார்கள் என்பதால் இந்த விதி. பகேயா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சர்ச்சுக்கு வந்தவர் மாதிரி நேராக நின்றார். நான் விசில் ஊதினேன்.

கூட்டம் நகர்ந்தது. செம்மண் மைதானத்தில் இத்தனை கால்கள் ஒரே பக்கமாகப் போனால் அது திரும்பிப் பார்க்காதவனுக்கும் கேட்கும். பகேயா தோளை அசைக்கவில்லை. பெஞ்சில் தலையை ஆட்டியவர்கள், மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள், எல்லோரும் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே முவோந்தா பக்கம் போனார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. அவர்கள் ஒவ்வொருவருடைய கரும்பும் எந்த வயலில் எவ்வளவு முற்றி நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

பெண்கள் மாமரத்தடியில் இருந்தார்கள். அங்கிருந்து முவோந்தாவின் வரிசைக்குப் போக வேண்டுமானால் பகேயாவின் முன்னால்தான் கடக்க வேண்டும். நம்வாசே விசேஷத்துக்கு உடுத்தும் நீண்ட கோமேசி உடையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இருபது வருடப் பழக்கம். புருசன் முன்னால் கடக்கும்போது அவள் முழங்கால் தானாக மடங்கியது. பாதி மண்டியிட்டு, எழுந்து, நேராகப் போய் முவோந்தாவின் வரிசையில் நின்றாள்.

மைதானம் முழுக்கச் சிரிப்பு. இவ்வளவு பெரிய சிரிப்பை எங்கள் மைதானம் கால்பந்துக்குக் கூடக் கேட்டதில்லை. "கும்பிட்டுட்டுப் போறாடா" என்று யாரோ சொன்னார்கள். பகேயா முன்னால் பார்த்தபடியே நின்றார். அவர் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது, எதிரே என் வகுப்பறையின் வெற்றுச் சுவர்தான் இருந்தது.

எண்ணினேன். முவோந்தாவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. பகேயாவுக்குப் பதினொன்று. அந்தப் பதினொரு பேரில் எவருக்கும் ஒரு குழிக் கரும்பு கிடையாது. முவோந்தாவோடு வேலித் தகராறு உள்ள இறைச்சிக்கடைச் சகோதரர்கள் இருவர், காலையிலேயே குடித்திருந்த மூவர், கண் தெரியாத ககோடா, இப்படி. ககோடா மட்டும் நான் தோளைத் தொட்டு எண்ணியபோது, "இது பகேயா வரிசைதானே? பார்த்துச் சொல்லுங்க, நான் தப்பா நின்னுறக் கூடாது" என்றார். அந்தக் குரல் முன்னால் நின்றவருக்குக் கேட்டது. அப்போதுதான் பகேயாவின் கழுத்து ஒரு முறை அசைந்தது.

அதோடு முடிந்திருந்தால் தோல்வி, அவ்வளவுதான். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகேயாவின் குலத்தார் கூடினார்கள். அவருடைய பெரியப்பா கிசிரா வீட்டு முற்றம். ஊர் பார்க்கப் புருசனை விட்டுவிட்டு இன்னொருவன் பின்னால் போய் நின்ற பெண்ணை என்ன செய்வது என்பதுதான் விஷயம். குடும்பத் தகராறு எல்லாம் கிராமத் தலைவரின் விசாரணைக்குள் வரும் என்பதால் முவோந்தாவையும் அழைத்திருந்தார்கள். அவர் தோல்பையோடு வந்தார். எண்ணியவன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். ஐரீன் வியாழக்கிழமைக்குள் ஜிஞ்சாவில் இருக்க வேண்டும். கடிதம் இன்னும் அந்தப் பைக்குள்தான் இருந்தது.

கிசிரா பெரியவர் கொதித்தார். குலத்துக்கே தலைகுனிவு என்றார். நானோ அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முவோந்தாவின் வரிசையில் அவர் நூற்று நாற்பத்தொன்றாவது ஆள். நம்வாசே நூற்று எண்பத்து மூன்றாவது. எண்ணியவன் நான். அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவர் கொடுத்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு நான் அதைச் சொல்லவில்லை.

"வாத்தியாரே, அவளை யாராச்சும் பிடிச்சு இழுத்தாங்களா? பயமுறுத்தினாங்களா?" என்று கிசிரா கேட்டார்.

"இல்லை. தானாத்தான் நடந்து போனாங்க" என்றேன். கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். அதைவிடப் பெரிய பொய்யை நான் பதிவேட்டில்கூட எழுதியதில்லை.

அடுத்து அவர் பகேயா பக்கம் திரும்பினார். உனக்குத் தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா, ஒரு வார்த்தை சொல் என்றார். முவோந்தா பையை மடியில் வைத்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எல்லாம் அவருக்குத் தெரியும் என்று அப்போது எனக்குப் பட்டது. அதைப் பகேயாவின் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மாவட்ட அதிகாரி முன்னால், ஆலை மேலாளர் முன்னால், ஒரு முறை மந்திரி முன்னாலேயே எழுந்து பேசிய மனிதர் பகேயா. அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

நம்வாசே பாயில் மண்டியிட்டிருந்தவள், தலையைத் தூக்காமல் பேசினாள்.

"எனக்கே தோணுச்சு. அவரு சொல்லலை. அவரு பேசிப் பேசி எங்களுக்கு என்ன கிடைச்சுது? எனக்கு அலுத்துப் போச்சு."

முதல் இரண்டு வாக்கியமும் சொல்லிக் கொடுத்தவை. மூன்றாவதும் நான்காவதும் சொல்லிக் கொடுத்தவை அல்ல. பகேயா அவளைத் திரும்பிப் பார்த்தார். நாடகத்துக்காகச் சேர்த்துக்கொண்டாளா, மனதில் இருந்ததா? நான் அவரிடம் கேட்டதில்லை. அவர் அவளிடம் கேட்டிருப்பார் என்றும் தோன்றவில்லை.

தீர்ப்பு சொன்னார்கள். அவள் பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு, ஒரு ஆட்டோடு வந்து குலத்தாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஐரீனைப் பஸ் ஏற்றிவிடக்கூட அவள் இருக்கக் கூடாது. நம்வாசே சரி என்றாள்.

அதன் பிறகுதான் முவோந்தா பையைத் திறந்தார். மை டப்பாவை எடுத்தார், சீலில் ஊதினார், கடிதத்தில் அழுத்தி வைத்தார். பகேயா கை நீட்டினார். முவோந்தா அந்தக் கையைத் தாண்டிப் பாயில் இருந்தவளிடம் கடிதத்தைக் கொடுத்தார்.

"இது உன் மகளுக்கு. என் வரிசையில நின்னவ பிள்ளைக்கு நான் செய்யாம யாரு செய்வா?"

எல்லோரும் பகேயாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று, "நன்றி, தலைவரே" என்றார். பதினேழு வருடத்தில் அவர் முவோந்தாவைத் தலைவரே என்று கூப்பிட்டது அது முதல் தடவை.

ஐரீன் புதன்கிழமை போனாள். பகேயா அவள் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிப் பெரிய சாலை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். அம்மா ஏன் இப்படிச் செய்தாள் என்று அந்தப் பெண் வழி முழுக்கக் கேட்டாளாம். அம்மாவோடு பேசமாட்டேன் என்றாளாம். படிப்பு முடிந்ததும் சொல்கிறேன் என்று இவர் சொன்னாராம். இதை என்னிடம் சொன்னபோது அவர் பம்பின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அதில் அழுக்கே இல்லை.

பெஞ்சு காலியாகவில்லை. அதுதான் வேடிக்கை. ஒரு வாரத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். சீட்டு வரவில்லை, மாத்திரை இல்லை, கிணற்றுப் பம்பு உடைந்துவிட்டது, நீ கூட்டத்தில் எழுந்து கேள் என்று அவரிடமே சொன்னார்கள். நீங்கள் ஏன் கேட்கக் கூடாது என்று அவர் கேட்டதற்கு, "எங்களுக்கு ஏதுண்ணே உன்னைப் போல வாய்" என்றார்கள். அந்த இடத்தில் எனக்குப் பஞ்சர் ஊசியை எடுத்து யாரையாவது குத்த வேண்டும் போலிருந்தது. என்னையும் சேர்த்துத்தான்.

ஒரு மாதம் கழித்து, நம்வாசே ஆட்டோடு திரும்பி வந்த வாரத்தில், கிராமக் கூட்டம் நடந்தது. அரசாங்கக் கடனுதவிப் பட்டியலை முவோந்தா வாசித்தார். குறிப்பு எழுதுவது நான். பட்டியல் முடிந்ததும் பகேயா எழுந்தார். சுகாதார நிலையத்துக்கு வந்த மருந்துப் பெட்டிகள் எங்கே போயின, கையெழுத்துப் போட்டு வாங்கியவர் யார் என்று கேட்டார். நல்ல கேள்வி. பாதிக் கூட்டம் நிமிர்ந்தே விட்டது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "முதல்ல உன் வீட்டுக்காரியைக் கேட்டுட்டு வா. அவ சரின்னா நாங்களும் சரி."

கூட்டம் சிரித்து உருண்டது. முவோந்தா சிரிக்கவில்லை. புன்னகையோடு பெண்கள் பக்கம் பார்த்தார். அங்கே மூன்றாவது வரிசையில் நம்வாசே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கத்தான் அவர் திரும்பினார் என்பது எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. அவள் வாயைத் துணியால் மூடிக்கொள்ளாமல், பல் தெரிய, மற்றவர்களைவிட ஒரு நொடி அதிகமாகவே சிரித்தாள்.

பகேயா நின்றுகொண்டே அதைப் பார்த்தார். கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை, மெதுவாக உட்கார்ந்தார். மறுப்பு எதுவும் இல்லை என்று நான் குறிப்பில் எழுதினேன். ஐரீன் படிப்பை முடிக்க முவோந்தாவின் சீலோடு இன்னும் இரண்டு கடிதம் வேண்டும்.